அந்த நாற்காலியில் முன்பு இருந்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டைப்பிஸ்ட் மானம் கப்பலேறும்படி ஒரு காரியம் செய்துவிட்டாள்.

லிஃப்ட் உதிரி பாகங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் கம்பெனி அது. கீழே கிடங்கு, மாடியில் அலுவலகம். மேனேஜர் அவள் மேசையைத் தாண்டிப் போகிற போக்கில், "அந்த ஆஸ்பத்திரி கிளையன்ட்டோட ஒரு டச் பேஸ் பண்ணிடுங்க" என்றார். லிஃப்ட் மோட்டார் உட்காரும் இரும்புத் தகட்டுக்கு பேஸ் பிளேட் என்று பெயர் என்பதை முந்தின நாள்தான் அவள் கற்றிருந்தாள். உடனே கிடங்குக்குப் போன் செய்தாள். "டச்சுன்னா என்னம்மா?" என்று கிடங்கு சூப்பர்வைசர் கேட்டபோது, "டச்சப் பெயிண்ட் அடிக்கச் சொல்றார் போல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மாலையில் மேனேஜர் கீழே இறங்கியபோது, புதுப் பெயிண்ட் பூசிய ஒரு பேஸ் பிளேட் ஆஸ்பத்திரி விலாசம் ஒட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"டச் பேஸ்னா சும்மா ஒரு வார்த்தை பேசி வைக்கிறதும்மா" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு அச்சகத்தில் டைப் அடித்தவள். அச்சகம் மூடிய பிறகும் டைப்பிஸ்ட் என்ற பெயர் அவளை விடவில்லை. ஆனால் அவளுடைய இங்கிலீஷ் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்கிற ரகம். இங்கே போனில் பேசப்பட்டதோ, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் இங்கிலீஷ். ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தது. சேர்ந்து வந்தால் ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மேனேஜர் அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். பழைய போன் பேச்சுகளின் பதிவுகள்.

"உங்க சீட்ல முன்னாடி இருந்தவங்க பேசினது. இவங்க பேசுறத கேட்டாலே போதும், எல்லாம் தானா வந்துடும்." கொஞ்சம் நிறுத்தி, இங்கிலீஷில், "ஷீ இஸ் நோ லாங்கர் வித் அஸ்" என்றார்.

இப்போது நம்மோடு இல்லை. இதாவது வார்த்தைக்கு வார்த்தை புரிந்ததே என்று அவளுக்கு ஒரு நிம்மதி. "குட் ஃபார் ஹெர், சார்" என்றாள். மேனேஜர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அதன் பஞ்சு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மேசை இழுப்பறையில் இருமல் மிட்டாய்த் தாள்கள் கசங்கிக் கிடந்தன. அவற்றை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

அடித்தொண்டையில் தொடங்கி மெல்ல மேலே ஏறும் குரல். எதிர்முனையில் எவ்வளவு கோபம் வந்தாலும் இந்தக் குரல் அசையவில்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன் லேசாக ஒரு இருமல், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மேல் ஏற்றிச் செய்தியை அனுப்பிவிடுவார். சரக்குத் தாமதம் என்று கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.

பேக் டு ஸ்கொயர் ஒன் என்று அந்தக் குரல் சொன்னபோது டைப்பிஸ்டுக்கு முதலில் சதுரம்தான் தெரிந்தது. மூன்று தடவை கேட்டபின், அட, பழைய குருடி கதவைத் திறடி என்கிறார் என்று புரிந்தது. பால்பார்க் ஃபிகர் என்றால் குத்துமதிப்பு. பாஸிங் தி பக் என்றால் தன் தலையில் விழுந்ததை அடுத்தவர் தலையில் கட்டுவது. இதெல்லாம் நம்மிடமும் இருப்பதுதானே, ஆடை மட்டும் வேறு என்று அவளுக்குப் பயம் தெளிந்தது. ஒரு பதிவில், வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒரு விற்பனையாளரைப் பற்றி அந்தக் குரல், "ஹீ இஸ் நோ லாங்கர் வித் அஸ்" என்றது. பார்த்தாயா, நாம் நினைத்தது சரிதான் என்று டைப்பிஸ்ட் தனக்குள் தலையாட்டிக்கொண்டாள். பெரிய கம்பெனி ஒன்றில், கண்ணாடி அறையில், இந்தக் குரல் இப்போது யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும். என்றாவது நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் முணுமுணுத்துப் பார்ப்பாள். சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை நாக்கில் ஒட்டவில்லை. அந்த இருமல், அந்த இடைவெளி, அந்தச் சிரிப்பு எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்துக்கொண்டபோது ஒட்டின. சில மாதங்களில் போன்கள் அவளுக்கு அடங்கின. கிடங்கில் இருந்தவர்கள் அவளைக் கேலியாக 'பேஸ் பிளேட்' என்று கூப்பிடுவதை விட்டார்கள். மேனேஜர் ஒருநாள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாராட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒருநாள் சாயங்காலம் அவன் பசியோடு வந்து உட்கார்ந்தான். அவள் லேசாக இருமினாள். நிறுத்தினாள். சிரித்தாள். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இப்ப யாரு மாதிரி பேசின?"

"யாரு மாதிரியும் இல்லையே."

"சிரிச்சியே, அது உன் சிரிப்பு இல்ல."

"சிரிப்புல என்ன உன் சிரிப்பு, என் சிரிப்பு?"

"இன்ஜின் சத்தம் மாறினா எனக்குத் தெரியாதா?" என்றான் அவன். அதன் பிறகு அவள் போனில் பேசும்போதெல்லாம் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினான்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் லிஃப்ட்களைப் பார்த்துக்கொள்ளும் வயதான இன்ஜினியர்தான் பதிவுகளில் அடிக்கடி வருபவர். அவர் நெடுநாள் கழித்துக் கூப்பிட்டார். பேச்சின் நடுவே திடீரென்று, முன்பு இருந்த அம்மா எங்கே, குரல் ஒரே மாதிரி இருப்பதால் முதலில் அவர்தான் என்று நினைத்துவிட்டேன் என்றார். டைப்பிஸ்டுக்குப் பெருமை தாங்கவில்லை. கற்றதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, "ஷீ இஸ் நோ லாங்கர் வித் அஸ். ஷீ ஹேஸ் மூவ்ட் ஆன் டு எ பெட்டர் பிளேஸ்" என்றாள், இன்னும் நல்ல கம்பெனிக்குப் போய்விட்டார் என்ற அர்த்தத்தில். கடைசியில் அந்தச் சிரிப்பையும் வைத்தாள்.

அவர் குரல் தணிந்து, "ஐ ஆம் ஸோ சாரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நல்ல ஆளை இழந்த வருத்தம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய மேசைக்கு நேரடியாக வரும் லைன் ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டு நேரம் முடியப்போகும்போது அதில் சில நாட்கள் மணி அடிக்கும். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். மூச்சுகூடக் கேட்காது. தூரத்தில் எதையோ எதன்மேலோ தேய்ப்பதுபோல ஒரு உரசல் மட்டும், நின்று நின்று கேட்கும். இவள் இங்கிலீஷில் கம்பெனிப் பெயரைச் சொல்லி, யார் வேண்டும் என்று கேட்டுக் காத்திருப்பாள். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் கேட்டபோது, "அது வரும்க்கா. ஒன்னும் சொல்லாதீங்க, பாவம்" என்றாள். பாவம் யார் என்று கேட்பதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது.

முதலில் சீக்கிரமே துண்டாகிவிடும் அந்த அழைப்பு, நாளாக ஆக நீண்டது. இவள் பேசப் பேச நீண்டது. இவளுடைய இங்கிலீஷ் தேறத் தேற அது கூடுதல் நேரம் நின்று கேட்டது. அதை உணர்ந்த நாளில் அவளுக்குப் பயம் வந்தது. ஆனாலும் போன் அடித்தால் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு மதியம், பயத்தை விரட்டுவதற்காக விளையாட்டாகப் பேசினாள். வேலை முடிந்தது, இன்றைக்கு இவ்வளவு போதும் என்று சொல்ல அந்தக் குரல் எப்போதும் ஒன்று சொல்லும். ஒவ்வொரு நாளும் கடைசி அழைப்பை அதைச் சொல்லித்தான் முடிக்கும். அதை அப்படியே எடுத்துச் சொன்னாள்.

"ஓகே. லெட்ஸ் கால் இட் எ டே."

உரசல் நின்றது.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்றது ஒரு ஆண்குரல். தமிழில்.

"யார் சார் பேசுறீங்க?"

"கால்னு ஒன்னு சொன்னீங்களே. அத இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள்.

"அவ குரல்லயே சொல்றீங்க" என்றார் அவர். "நீங்க உக்காந்திருக்கிற சீட்ல இருந்தவளோட வீட்டுக்காரன் நான். அவ போய் வருஷம் திரும்பப் போகுது."

"வேற கம்பெனிக்குத்தானே போனாங்க?" என்று கேட்டுவிட்டாள். வாயை விட்டுப் போன பிறகுதான் தான் கேட்டது காதில் விழுந்தது.

"உங்ககிட்ட அப்படியா சொன்னாங்க?" அந்தக் குரலில் கோபமே இல்லை. அப்படியும் இருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கிற குரலாக இருந்தது. பிறகு லைன் துண்டானது.

ரிசப்ஷன் பெண் வாயில் கைவைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாதாக்கா? நுரையீரல்ல வியாதி. கடைசி வரைக்கும் வேலைக்கு வந்தாங்க. தெரிஞ்சுதான் அவங்கள மாதிரியே பேசுறீங்கன்னு நெனச்சோம். எங்களுக்கே பயமாத்தான் இருக்கும்."

மேனேஜரிடம் போனாள். "காலமாயிட்டாங்கன்ற அர்த்தத்துல, நோ லாங்கர் வித் அஸ்னு முதல் நாளே சொன்னேனேம்மா. நீங்க குட் ஃபார் ஹெர்னு சொன்னீங்க. சரி, பக்தி உள்ளவங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

திரும்பி வந்து தன் நாற்காலியைப் பார்த்தாள். அதன் கைப்பிடியில் வலதுபக்கம் மட்டும் ரெக்சின் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவளுடைய முழங்கையும் அங்கேதான் போய் உட்காரும்.

பதிவுகளை அவள் பழையதிலிருந்து புதியதாக வரிசையாகவே கேட்டிருந்தாள். இப்போது யோசித்தால் எல்லாம் தெரிந்தது. முதலில் லேசாக இருந்த இருமல் போகப்போக நீண்டிருந்தது. இடைவெளியும் நீண்டிருந்தது. அது மூச்சு வாங்கிய இடைவெளி. சிரிப்பு, அந்த மூச்சை மறைக்கப் போட்ட திரை. கெட்ட செய்தி சொல்லும் மரியாதை என்று நினைத்து ஒரு நோயை அல்லவா இத்தனை மாதமாக உருப்போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னையறியாமல் இருமல் வந்தது. ரிசப்ஷன் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளால் சரியாகப் பேச முடியவில்லை. டெட்லைன், டெட் ஸ்டாக், லெட் ஹிம் கோ என்று நாள் முழுக்க வாயில் வந்த சொற்களெல்லாம் திரும்பி நின்று முறைத்தன. இருமலை அடக்கினால் பேச்சு வரவில்லை. பேச்சு வந்தால் அந்தக் குரலில் வந்தது. வீட்டில் வாயே திறக்கவில்லை. கணவன், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அழைப்பும் வரவில்லை. கடைசியில் அவளே, போனில் பதிவாகியிருந்த அந்த எண்ணுக்குப் போட்டாள்.

"அண்ணா, நான் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். அன்னைக்கு ஒன்னு கேட்டீங்க. அது எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நேர்ல வந்து சொல்றேம்மா" என்றார். "உங்க ஆபீஸ்ல அவ பேசினது ஏதும் இருந்தா கேக்க முடியுமா?"

மேனேஜரிடம் அனுமதி கேட்டாள். "வெளியாளுக்கு ரெக்கார்டிங் காட்டக்கூடாதும்மா, கம்பெனி ரூல். என் கையில ஒன்னும் இல்ல" என்று கோப்பைப் பார்த்தபடியே சொன்னார். அவள் திரும்பி நடந்தபோது, "சனிக்கிழமை மத்தியானம் நான் இங்க இருக்க மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை வந்தவர் கட்டிடங்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருந்தது. நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். காதோரத்தில் மட்டும் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று தப்பியிருந்தது. அவள் தன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல மன்னிச்சுக்கங்கம்மா. தினம் சாப்பாட்டு நேரத்துல அவளுக்குப் போன் பண்ணுவேன். அவ போனதுக்கப்புறமும் விரல் பாட்டுக்கு அந்த நம்பர போட்டுடும். யாரும் எடுக்க மாட்டாங்க, மணி அடிக்கிறது மட்டும் கேட்கும். அது போதும்னு இருந்துச்சு. அப்புறம் நீங்க வந்தீங்க. வேற குரல். சரி, விட்டுடலாம்னு பாத்தேன். ஆனா கொஞ்சம் கொஞ்சமா அந்தக் குரல் மாற ஆரம்பிச்சுது. எனக்குப் புத்தி கலங்கிடுச்சோன்னு பயந்து, சுவர தேச்சுக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன். கைக்கு வேலை இருந்தா பயம் தெரியாது பாருங்க."

அவள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கடைசி நாள் ஆஸ்பத்திரியில அவளுக்கு நினைவு சரியா இல்ல. ஆபீஸ்னு நெனச்சு இங்கிலீஷ்லயே பேசிட்டு இருந்தா. எனக்கு அதுல ஒன்னும் தெரியாது. கடைசியா என் முகத்தப் பாத்துச் சொன்னா. கால்னு சொன்னா. அப்புறம் டேன்னு என்னமோ. கால் வலிக்குதுன்னு நெனச்சுட்டேன். உக்காந்து காலப் புடிச்சு அமுக்கிவிட்டேன். அவ மறுபடியும் அதையே சொன்னா. இன்னும் அழுத்தி அமுக்கினேன். அப்படியேதான் போனா." நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தார். "அன்னைக்கு நீங்க போன்ல அதே மாதிரி சொன்னீங்க. அவளுக்குக் கால் வலிக்கலையாம்மா?"

பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆமாம் அண்ணா, கால் வலிதான் என்று சொல்லியிருந்தால் அவர் அப்படியே போயிருப்பார். ஆனால் அவருடைய மனைவி முயன்று சொன்ன சொல் அது. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவள் டைப்பிஸ்ட் ஒருத்திதான்.

"இல்லண்ணா" என்றாள். "வேலைய முடிச்சுட்டு எந்திரிக்கும்போது சொல்றது அது. இன்னைக்கு இவ்வளவு போதும், கிளம்பலாம்னு அர்த்தம்."

அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "போதும்னா சொன்னா?"

"ஆமா."

"நான் விடாம அமுக்கிட்டே இருந்தேனே."

"அமுக்கும்போது அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அது எனக்கு அப்படித் தெரிஞ்சுதோ என்னமோ."

ஆஸ்பத்திரி இன்ஜினியரோடு பேசிய ஒரு பதிவை எடுத்து, ஹெட்போனை அவரிடம் கொடுத்தாள். சுவர் பூசும் கைகள் அதை உடைந்துவிடுமோ என்பதுபோல வாங்கின. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"இப்படிச் சத்தமாச் சிரிக்கிறாளே. எதுக்கு?"

"லிஃப்ட் ரோப் எப்ப வந்து சேரும்னு அவர் கேக்குறார். மூச்சப் புடிச்சுக்கிட்டுக் காத்திருக்காதீங்கன்னு இவங்க சொல்றாங்க. சீக்கிரம் வராதுன்னு அதுக்கு அர்த்தம்."

"மூச்சப் பத்தியா சிரிச்சா?" என்றார் அவர். மறுபடி கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மேசையில் வைத்தார்.

"இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியலம்மா. எங்க வீட்ல அவ வாயத் திறந்தா அதிசயம். சாப்டியான்னு கேட்டா ம்னு சொல்லுவா. சரி, பேச்சு வராதவன்னு விட்டுட்டேன். இங்க இவ்வளவு பேசியிருக்கா." கதவருகே போய் நின்றார். "என்கிட்ட சொல்ல அவகிட்ட ஒன்னுமில்லன்னு நெனச்சேன். நான்தான் கேக்கலையோ என்னமோ."

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகும் அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ரிசப்ஷனில் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அழுதாள். யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும், "இத்தன நாளா வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல" என்றான்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அந்த ஃபோல்டர் காலியாக இருந்தது. வேலையில் இல்லாதவரின் பதிவுகளை வருஷம் ஆனதும் கம்ப்யூட்டரே மொத்தமாக அழித்துவிடும், அது அப்படி அமைத்து வைத்தது என்றார் மேனேஜர். அவரும் கொஞ்ச நேரம் அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டைப்பிஸ்டுக்கு முதலில் பாரம் இறங்கியது போலிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குரல் இனி உலகத்தில் வேறு எங்கும் இல்லை, தன் தொண்டையைத் தவிர.

அன்று மதியம் நேர் லைனில் மணி அடித்தது. பெயிண்டர்தான். இந்தத் தடவை அவரே முதலில் பேசினார்.

"அந்த ரெக்கார்ட இன்னொரு தடவ கேக்கணும்மா. அன்னைக்கு மனசு கேக்க விடல."

அழிந்துவிட்டதைச் சொன்னாள். இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டு, நேராகச் சொன்னாள்.

அவர் தயங்கித் தயங்கி, "நீங்க ஒரே ஒரு தடவ சொல்றீங்களா? அவ சொல்ற மாதிரி?" என்றார்.

அவளால் முடியும். அந்த இடைவெளி, சிரிப்பு, ஏறி இறங்கும் வளைவு எல்லாம் நாக்கின் நுனியிலேயே தயாராக நின்றது. வாயைத் திறந்தால் போதும், அவருடைய மனைவி பேசிவிடுவார்.

"வேண்டாம்ண்ணா" என்றாள். "நான் சொன்னா அது நான் சொல்றதாத்தான் இருக்கும்."

"சரிம்மா" என்றார் அவர். "அதுவும் நியாயம்தான்."

போனை அவர் வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உப்புத்தாள் சுவரில் உரசத் தொடங்கியது. எந்த ஊர்ச் சுவர், யார் வீட்டுச் சுவர் என்று தெரியாது. பழைய வண்ணம் பொடியாக உதிரும் அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே, அவள் அடுத்த சரக்குக்கான சீட்டை மெதுவாக டைப் அடித்தாள்.